சிரித்தவர்களும் சிரிக்க மறுத்தவர்களும்

ஒரு நாவலாசிரியனின் இரண்டாவது நாவலைப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் அவனது முதல் நாவலின் வாசகர்கள்தாம். அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. முதல் நாவல் தந்த அளவுகோல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறார்கள். புதிய நாவல் அந்த அளவுகோலுக்கு அடங்காதபோது எழும் முதல் சத்தம் பாராட்டாகவும் இருப்பதில்லை, கண்டனமாகவும் இருப்பதில்லை. அது ஒருவிதத் திகைப்பு. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் க்ரியா வெளியீடாக வந்தபோது எழுந்ததும், அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் எழுந்துகொண்டிருப்பதும் அத்தகைய திகைப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இல் நூலானது. இரண்டு நாவல்களுக்கும் இடையே 15 ஆண்டுகள். முதல் நாவலில் ஒரு முச்சந்தி இருந்தது, மரம் இருந்தது, அந்த மரத்தடியில் கதை சொல்ல தாமோதர ஆசான் இருந்தார். தாமுவும் காதரும் வியாபாரத்திலும் தேர்தலிலும் மோதிக்கொள்ள, கடைசியில் நஞ்சுக்குப் பலியாகிறது மரம். அந்த நாவலிலும் சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது ஊரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. படிக்கிறவன் மரத்தடியில் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடலாம். ‘ஜே.ஜே.’யில் உட்கார மரமில்லை. ஊர் இல்லை, வழக்கமான பொருளில் கதையும் இல்லை. இருப்பது செத்துப்போன ஒரு மலையாள எழுத்தாளன், அவனைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று தவிக்கும் பாலு என்ற தமிழ் எழுத்தாளன், பிறகு செத்தவனுடைய நாட்குறிப்புகள். போதாக்குறைக்கு, ஆராய்ச்சி நூல்களில் வருவதுபோலப் பின்னிணைப்பு வேறு.

நான் இந்த நாவலை முதலில் படித்தது 2001இல், முதுகலைத் தமிழ் முதலாண்டில். விடுதியில் ஒரே ஒரு பிரதி கைமாறிக்கொண்டிருந்தது. அட்டை கிழிந்து, பென்சில் கோடுகள் நிறைந்திருந்த பிரதி. ஒருவர் கோடிட்ட இடத்தின் ஓரத்தில் இன்னொருவர் கேள்விக்குறி போட்டிருந்தார். யார் எங்கே சிரித்தார்கள், யார் எங்கே கோபப்பட்டார்கள் என்பதை அந்த ஓரக்குறிப்புகளைக் கொண்டே ஊகித்துவிட முடிந்தது. கடந்த பல ஆண்டுகளாக ஒரு கலைக்கல்லூரியில் இக்கால இலக்கியம் கற்பித்துவரும் நான், இந்த நாவல் பற்றி மாணவர்களும் சக ஆசிரியர்களும் நண்பர்களும் சொன்ன எதிர்வினைகளைக் கவனித்து வந்திருக்கிறேன். அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு நாவலைப் பற்றி மட்டுமல்லாமல் நம்மைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

முதல் எதிர்வினை தேடல். ஜோசஃப் ஜேம்ஸ் என்கிற ஜே.ஜே. உண்மையில் வாழ்ந்தவனா? நாவல் வந்த காலத்தில் பல வாசகர்கள் இதை நம்பித் தேடியதாக மூத்த நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயல் ஜே.ஜே.யிடம் இருப்பதாக விமர்சகர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாமஸும் பொதுவுடைமை இயக்கத்தோடு நெருங்கியிருந்து, பிறகு அதனோடு கடுமையாக முரண்பட்டவர்தான். நாவலில் ஜே.ஜே. இறப்பது 1960 ஜனவரியில், 39 வயதில். தாமஸ் இறந்தது அதே 1960இல், ஜூலையில், ஐம்பதை எட்டாத வயதில். தாமஸின் புகழ்பெற்ற நாடகமான ‘1128இல் க்ரைம் 27’, மரணத்தையும் நீதிமன்றத்தையும் நாடகமேடையையும் சேர்த்துக் கேலி செய்யும் அவல நகைச்சுவைப் படைப்பு. ஆகவே தேடியவர்களுக்கு ஏதும் கிடைக்காமல் போகவில்லை. ஆனால் கிடைத்தது ஒரு சாயல்தான், ஆள் அல்ல. என் மாணவர்கள் இன்று கைப்பேசியில் ஜே.ஜே.யைத் தேடுகிறார்கள். நாவலைப் பற்றிய பக்கங்கள் வருகின்றனவே தவிர, ஆசிரியனின் புகைப்படம் வருவதில்லை. “ஐயா, இவர் பேரில் ஒரு புத்தகம்கூடக் கிடைக்கவில்லையே” என்று ஒரு மாணவன் ஏமாற்றத்தோடு சொன்னான். இந்த ஏமாற்றத்துக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது எதிர்வினை மறுப்பு. ‘இது நாவலே அல்ல, கட்டுரை’ என்பது எங்கள் துறைகளில் நெடுங்காலமாக ஒலித்துவரும் தீர்ப்பு. கதைக்கோப்பு எங்கே, பாத்திர வளர்ச்சி எங்கே, உச்சம் எங்கே என்று அட்டவணை போட்டுத் தேடுபவர்களுக்கு இந்த நாவல் கையில் அகப்படாது. பாடத்திட்டக் கூட்டமொன்றில் இந்த நாவலைப் பரிந்துரைத்தபோது, என்னைவிட மூத்த பேராசிரியர் ஒருவர் புன்னகையோடு கேட்டார்: “தம்பி, இதில் ஐந்து மதிப்பெண் வினா எப்படி எடுப்பீர்கள்?” அவர் நாவலை வெறுத்தவர் அல்லர். இரண்டு முறை படித்திருப்பதாகச் சொன்னார். ஆனால் வினாத்தாளில் அடங்காத ஒன்றைப் பாடமாக வைப்பது மாணவர்களுக்குச் செய்யும் கொடுமை என்று உண்மையாகவே நம்பினார். அந்த உரையாடலை நாவலின் பின்னிணைப்பில் சேர்த்திருந்தால் யாருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது.

மூன்றாவது எதிர்வினை கோபம். நாவலில் வரும் முல்லைக்கல் மாதவன் நாயர், முற்போக்கு முகாமில் பெயரும் வாசகர்களும் பெற்ற எழுத்தாளர். ஜே.ஜே. அவர்மீது காட்டும் ஏளனம் கூர்மையானது. இடதுசாரி நண்பர்கள் பலருக்கு இது பொறுக்கவில்லை. ஓர் இயக்கத்தையே கேலிச்சித்திரமாக்கிவிட்டார் என்றும், மக்கள் எழுத்தைத் தாழ்த்தி மேட்டிமையை உயர்த்துகிறார் என்றும் வாதிட்டார்கள். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதைச் சொல்லும்போது நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு. சுந்தர ராமசாமி அந்த முகாமுக்கு அந்நியர் அல்லர். அவருடைய தொடக்ககாலக் கதைகள் முற்போக்கு இதழ்களில் வந்தவை. தகழியின் ‘தோட்டியின் மகன்’, ‘செம்மீன்’ இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். முல்லைக்கல்லை நோக்கி எறியப்படும் கல் தெருவிலிருந்து வருவதில்லை, அதே வீட்டின் உள்ளறையிலிருந்து வருகிறது. அதனால்தான் அது அவ்வளவு குறிதவறாமல் விழுகிறது. கோபமும் அதனால்தான் அவ்வளவு நீடித்தது என்று நினைக்கிறேன்.

இந்த மூன்றையும்விட அதிகமானோர் காட்டியது நான்காவது எதிர்வினை: சிரிப்பு. அதுவும் ஆனந்தச் சிரிப்பு. ‘நம் இலக்கியச் சூழலை எப்படிப் போட்டுத் தாக்கிவிட்டான் பார்’ என்கிற சிரிப்பு. இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுக்கிறார். இளமை, மடன், பேதைமை ஆகியவற்றோடு எள்ளலும் அவற்றில் ஒன்று. எள்ளலுக்கு உரையெழுதும் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். நாம் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை இகழும்போது நாமே சிரித்துவிடுவது மற்றொன்று. வகுப்பில் இந்த இரண்டாவதை விளக்கும்போது மாணவர்கள் எப்போதும் தயங்குவார்கள். இகழப்படுகிறவனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? ‘ஜே.ஜே.’யை வாசித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அல்லது அவர்களுக்குத்தான் விளக்க வேண்டும் என்றும் சொல்லலாம்.

நாவலில் எல்லோருக்கும் நினைவிருக்கும் இடம் ஒன்று உண்டு. பாலு, தமிழ் எழுத்தாளன் என்று ஜே.ஜே.யிடம் அறிமுகப்படுத்தப்படுகிறான். எத்தனையோ ஆண்டுகளாக மனத்தில் வைத்துப் பூசித்த மனிதன் முதன்முதலாகப் பேசப்போகிறான். அவனோ, சிவகாமி தன் சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று விசாரிக்கிறான். தமிழ் இலக்கியம் என்றால் கல்கியின் தொடர்கதைதான் என்று ஓர் அயல்மொழிக்காரன் மதிப்பிட்டு வைத்திருக்கிறான் என்பதே அந்தக் கேள்வியின் குத்தல். 2001இல் விடுதி அறையில் இந்த இடத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். எங்களில் யாரும் பாலுவாக நின்று சிரிக்கவில்லை. எல்லோரும் ஜே.ஜே.யின் தோளருகே நின்றுகொண்டு சிரித்தோம். பேராசிரியர் வகுத்த முதல் வகை எள்ளல்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இதே இடத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “நிறைவேற்றினாள் ஐயா” என்றாள். அவளுடைய பாட்டி கல்கியின் தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தவராம். அந்தத் தொகுதியை அவள் பள்ளி நாட்களிலேயே படித்திருக்கிறாள். மேலும் சொன்னாள்: “வாதாபி எரிந்தது, சபதம் நிறைவேறியது. ஆனால் மாமல்லருக்கு அதற்குள் வேறு கல்யாணம் ஆகிவிட்டது. அவள் ஏகாம்பரநாதருக்குத் தன்னைக் கொடுத்துவிடுகிறாள். பாட்டி அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் அழுவார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?”

வகுப்பு ஒரு கணம் அமைதியானது. கல்கியின் நடையைப் பற்றியும் சுந்தர ராமசாமியின் அழகியலைப் பற்றியும் அவளுக்கு நான் நிறையச் சொல்லியிருக்கலாம், சொல்லவும் செய்தேன். ஆனால் அவள் சொன்னது நாவலின் உள்ளே ஒரு கதவைத் திறந்துவிட்டது. சபதம் நிறைவேறியும் வாழ்க்கை கைதவறிப்போகிற கதை அது. ‘ஜே.ஜே.’யில் சபதம் எடுத்திருப்பவன் யார்? பாலு. ஜே.ஜே.யைப் பற்றி எழுதுவேன் என்று தனக்குத்தானே சபதம் செய்துகொண்டு, ஆள் ஆளாகத் தேடிப்போய், தகவல் சேர்த்து, நாட்குறிப்பை மொழிபெயர்த்து, நூலை முடித்தும்விடுகிறான். சபதம் நிறைவேறிவிட்டது. பாலு சொந்தமாக எழுத வந்தவை என்னவாயின என்பதைப் பற்றி நமக்கு அக்கறையே எழுவதில்லை. சிவகாமியை நினைத்துக் கண்ணீர் விட்ட பாட்டியின் மனநிலைக்கும், ஜே.ஜே.யை நினைத்து உருகும் பாலுவின் மனநிலைக்கும் எத்தனை காத தூரம்?

நாவலின் முதல் வாக்கியத்தையே மீண்டும் பாருங்கள். ஜே.ஜே. இறந்தது ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் என்ற செய்தி அதில் இருக்கிறது. காம்யு இறந்தது 1960 ஜனவரி 4இல் என்பது வரலாறு. அடுத்தடுத்த நாளில் இருவர் இறப்பது தற்செயல். அந்தத் தற்செயலை ஒரு தகுதிச் சான்றிதழைப் போல முதல் வரியிலேயே மாட்டி வைக்கிறான் பாலு. தன் தெய்வம் நோபல் பரிசு பெற்றவனுக்குப் பக்கத்தில் செத்தது என்பதில் அவனுக்கு ஒரு பெருமிதம். அவலமும் நகையும் ஒரே மூச்சில் வருகிற இடம் இது. முதல் வாசிப்பில் பெரும்பாலோர் இங்கே சிரிப்பதில்லை, சிலிர்க்கிறார்கள். அந்தச் சிலிர்ப்பும் பாலுவினுடையதுதான். தொல்காப்பியர் சொன்ன பேதைமை இதற்குப் பொருத்தமான சொல்.

இப்போது அந்த மாணவனின் ஏமாற்றத்துக்கு வரலாம். ஜே.ஜே. மாபெரும் படைப்பாளி என்று நாவல் முழுவதும் நமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அவன் எழுதிய முழுமையான நாவலோ நாடகமோ ஒன்றுகூட நமக்குக் காட்டப்படுவதில்லை. நம் கையில் இருப்பவை நாட்குறிப்புகள், மற்றவர்களின் வாய்மொழிகள், பாலுவின் பக்தி. அந்த நாட்குறிப்புகளில் வெளிச்சமான பக்கங்கள் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு மேதையை அவனுடைய மேதைமைக்குச் சான்றான படைப்பைப் பார்க்காமலே நாம் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். தொடர்கதை நாயகியைக் கண்மூடி நம்பிய வாசகர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இதைச் செய்கிறோம். சுந்தர ராமசாமி இதை அறியாமல் செய்திருக்க மாட்டார். தலைப்பிலேயே ‘சில குறிப்புகள்’ என்று எச்சரித்துவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போகிறார். நாவலின் மிகக் கரிய பகடி முல்லைக்கல்லின் மீது இல்லை, கல்கியின் மீதும் இல்லை. அது முல்லைக்கல்லைப் பார்த்தும் கல்கியைப் பார்த்தும் சிரிக்கத் தெரிந்த வாசகன்மீது இருக்கிறது. பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகை எள்ளலுக்கு நம்மை அழைக்கிறது நாவல். நாம் முதல் வகையோடு நின்றுவிடுகிறோம்.

இது வெறும் உரைநயம் அன்று. அப்படி நின்றுவிட்டதற்கு விலை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். விடுதியில் அந்தப் பிரதியை எனக்குக் கொடுத்த நண்பன் அப்போது சிறுகதைகள் எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு கதைகள் சிற்றிதழ்களில் வந்திருந்தன. அவனுடைய ஊரின் உப்பளத்தையும் உப்பு வாரும் பெண்களின் வெடித்த பாதங்களையும் பற்றியவை. அவற்றில் குறைகள் இருந்தன, உயிரும் இருந்தது. ‘ஜே.ஜே.’யை நான்கைந்து முறை படித்தான். பிறகு அவனுடைய பேச்சு மாறியது. எல்லா எழுத்திலும் போலியைக் கண்டுபிடித்தான். அவன் சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியாகவும் இருந்தன. எங்களைச் சிரிக்கவைத்தான். ஒரு நாள் தன் மூன்றாவது கதையின் கையெழுத்துப் பிரதியை, “முல்லைக்கல் எழுதியதுபோல இருக்கிறது” என்று சொல்லிக் கிழித்துப் போட்டான். அதற்குப் பிறகு அவன் எழுதவே இல்லை. இன்று ஒரு அரசு அலுவலகத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறான். சந்திக்கும்போதெல்லாம் புதிதாக வந்த நூல்களைப் பற்றி இரண்டு வரியில் தீர்ப்பு சொல்வான். அந்த இரண்டு வரிகளும் ரசிக்கும்படியாகவே இருக்கும்.

இதற்கு நாவலைக் குற்றம் சொல்வேனா? மாட்டேன். எழுதியவர் எழுதுவதை நிறுத்தியவர் அல்லர். 1981க்குப் பிறகும் கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் எழுதினார். 1988இல் ‘காலச்சுவடு’ இதழைத் தொடங்கினார். 1998இல் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ என்ற பெரிய நாவலைத் தந்தார். அதில் ஜே.ஜே.யின் சாட்டை இல்லை. ஒரு வீடும் அதன் மனிதர்களும் பரிவோடு வருகிறார்கள். சாட்டையைத் தன்மீதும் வீசிப் பார்த்தவரால்தான் அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க முடியும் என்று நினைக்கிறேன். என் நண்பனைப் போன்ற வாசகர்கள் சாட்டையை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிற்றிதழ்ச் சூழலில் ஜே.ஜே.யின் தொனியில் பேசியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் பலரை அவர்களுடைய தீர்ப்புகளால்தான் நினைவுகூர முடிகிறது, எழுத்தால் அல்ல. இதுவும் ‘ஜே.ஜே.’க்கான எதிர்வினைதான். நாவல் முன்கூட்டியே எழுதிவைத்த எதிர்வினை என்றுகூடச் சொல்லலாம். குறிப்புகள் மட்டும் மிஞ்சுகிற வாழ்க்கை.

நண்பனிடம் பாட்டியின் கதையைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, சபதம் நிறைவேறியது என்று பதில் சொன்னதைச் சொன்னேன். வழக்கம்போல ஏதாவது கேலி வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, “அந்தப் பெண் சொன்னது ஜே.ஜே. காதில் விழுந்திருந்தால் நாட்குறிப்பில் எழுதியிருப்பான்” என்றான். உப்பளக் கதைகள் வந்த அந்த இரண்டு இதழ்களும் என்னிடம் இருக்கின்றன. நகல் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த நாவலை இனிமேல் படிக்கப்போகிற இளைய நண்பர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. சிரிப்பு வருகிற இடங்களில் தாராளமாகச் சிரியுங்கள். சிரிக்கவைக்கவே எழுதப்பட்ட பக்கங்கள் அவை. பென்சிலால் ஓரத்தில் கோடிடுங்கள். முடித்த பிறகு, கோடிட்ட இடங்களை மட்டும் இன்னொரு முறை, பாலு இருந்த இடத்தில் நின்றுகொண்டு படித்துப் பாருங்கள். அங்கேயும் சிரிப்பு வந்தால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் மூன்றாவது கதையை எழுதத் தொடங்கலாம்.